குப்பியோடு திரும்பியவர்கள்

மருத்துவம் ஊருக்கு வந்த வழி – அத்தியாயம் 12

நம் பக்கத்தில் நோய் கண்டவர் யாரும் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. இருமல் என்றால் முதலில் துளசியும் மிளகும் தட்டிப்போட்ட கசாயம். அதற்குக் கேட்காவிட்டால் கடையில் வாங்கிய மாத்திரை. அதற்கும் நிற்கவில்லையென்றால் மேலநீலிதநல்லூரில் பஸ் ஏறி சங்கரன்கோவிலில் ஓர் ஊசி. வந்ததுதான் வந்தோம் என்று சங்கரநாராயணரையும் கோமதி அம்மனையும் கும்பிட்டு, கோயில் புற்றுமண்ணைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டுதான் ஊர் திரும்புவார்கள். சிலர் அந்த மண்ணை நீரில் கரைத்துக் குடிப்பார்கள், சிலர் உடம்பில் பூசுவார்கள். கரிசல் காட்டில் பருத்தியும் உளுந்தும் மக்காச்சோளமும் போட்டு மழையை நம்பி வாழும் குடும்பத்துக்கு ஒருநாள் கூலியை விட்டுவிட்டு டவுனுக்குப் போவது சின்ன விஷயம் இல்லை. இருந்தும் போகிறார்கள். நோயிலிருந்து விடுபட மனிதர் எடுக்கும் முயற்சி எப்போதும் நாம் நினைப்பதைவிடப் பெரியது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சுதந்திரம் வந்த காலத்தில், “பட்டிக்காட்டு ஜனங்களுக்கு நோயைப் பற்றித் தெரியாது, முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள்” என்று படித்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே நம்பினார்கள். திட்டம் தீட்டியவர்களும் அப்படியே நம்பினார்கள். அந்த நம்பிக்கையை ஒருவர் நேரில் போய்ச் சோதித்துப் பார்த்தார். அவர் கண்டது இந்தத் தொடரில் நான் எழுத நினைத்த செய்திகளிலேயே முக்கியமானது. அதற்குப் போகுமுன் சென்னையில் ஒரு வேலை இருக்கிறது.

சென்ற அத்தியாயத்தில் 1955-இல் ராஜாஜி பி.சி.ஜி. தடுப்பூசியை எதிர்த்து எழுதியதைப் பார்த்தோம். அதே நேரத்தில் இன்னொரு கேள்வி அரசாங்கத்தை வாட்டிக்கொண்டிருந்தது. நாட்டில் ஏறத்தாழ 25 லட்சம் பேருக்குக் காசநோய். அவர்களுக்கென்று இருந்த படுக்கைகள் ஏறத்தாழ 23,000. நூறு நோயாளிக்கு ஒரு படுக்கைகூடக் கிடையாது. காசநோய் என்றால் மலைக்காற்று, பால், முட்டை, படுக்கையில் ஓய்வு என்பதுதான் அன்றைய வைத்தியம். அந்த எண்ணத்தில் எழுந்தவைதான் மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரமும், 1928-இல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து தாம்பரத்தில் கட்டிய சானடோரியமும். மின்சார ரயிலில் ‘தாம்பரம் சானடோரியம்’ என்ற நிறுத்தத்தைக் கடக்கும்போதெல்லாம் அந்தக் காலத்தின் கடைசித் தடயத்தைக் கடக்கிறோம் என்று எனக்குத் தோன்றும். மேலநீலிதநல்லூர் போன்ற ஊரிலிருந்து ஒரு நோயாளி அங்கே போவதென்றால் சங்கரன்கோவிலில் ரயிலேற வேண்டும், ஓர் இரவு முழுக்கப் பயணம் செய்ய வேண்டும், அதற்கு மேல் பல மாதங்கள் குடும்பத்தை விட்டுப் பிரிந்திருக்க வேண்டும். சம்பாதிக்கும் கை ஒன்றே ஒன்று உள்ள வீட்டில் அது நடக்காத காரியம்.

போதாக்குறைக்கு, 1955 முதல் 1958 வரை நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு ஒரு பழைய எண்ணத்தையும் உடைத்தது. காசநோய் பட்டணத்து நோய், ஆலைப்புகையின் நோய் என்றிருந்தார்கள். பட்டணத்தில் இருந்த அளவுக்குக் கிராமத்திலும் அது இருப்பதாக எக்ஸ்ரே படங்கள் காட்டின.

மருந்துகள் அப்போது வந்துவிட்டிருந்தன. ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ், 1952-இல் ஐசோனியாசிட். ஐசோனியாசிட்டும் பாஸும் வாயால் உட்கொள்ளும் மருந்துகள், ஊசி தேவையில்லை. அப்படியானால் நோயாளியை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த முடியாதா? இந்தக் கேள்விக்கு விடை தேடி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு ஆகிய நான்கும் கைகோத்து 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துவழிச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. லண்டனிலிருந்து வந்த டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதன் முதல் இயக்குநர். இன்று அதன் பெயர் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

193 நோயாளிகள். எல்லோரும் சென்னையின் ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள். யார் சானடோரியத்துக்குப் போவது, யார் வீட்டில் இருப்பது என்பதைக் குலுக்கல் போல, டாக்டரின் விருப்பத்துக்கு இடம் கொடுக்காமல் தீர்மானித்தார்கள். இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஒரே அளவு, ஓராண்டு. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடும் ஓய்வும் கவனிப்பும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்கள் ஓர் அறைக் குடிசையில் ஏழெட்டுப் பேரோடு படுத்தார்கள், அரைவயிறு சாப்பிட்டார்கள், உடம்பு சற்றுத் தேறியதும் வேலைக்குப் போனார்கள். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தார்கள். சானடோரியத்தில் நோய் அடங்கியவர்கள் 92 சதவீதம். வீட்டில் 86 சதவீதம். 1959-இல் இந்த முடிவு வெளியானபோது உலகெங்கும் காசநோய் மருத்துவர்களுக்கு அது பேரதிர்ச்சி. மலைக்காற்றும் படுக்கையும் இல்லாமலே நோய் அடங்கியது.

வீட்டிலிருந்த பிள்ளைகளுக்குத் தொற்றாதா என்ற அச்சம் நியாயமானது. ஐந்து ஆண்டுகள் அந்தக் குடும்பங்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். சானடோரியத்துக்குப் போனவர்களின் குடும்பத்தைவிட இந்தக் குடும்பங்களில் நோய் கூடவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே, அந்த இருமல் மாதங்களிலேயே தொற்றிவிட்டிருந்தது. இந்த வரியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபாக்ஸின் குழு செய்த இன்னொரு காரியம் வெளியே அதிகம் பேசப்படவில்லை. எனக்கு அதுதான் அவர்களுடைய பெரிய சாதனையாகப் படுகிறது. “மருந்து கொடுத்தேன், சாப்பிட்டிருப்பார்” என்று அவர்கள் விட்டுவிடவில்லை. முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து பாஸ் மருந்து உடம்பில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். பாஸ் வயிற்றைப் புரட்டும் மருந்து, கிராம் கணக்கில் விழுங்க வேண்டும். சிலர் விட்டுவிட்டார்கள். பலரும் உடம்பு தேறியதும் விட்டுவிட்டார்கள். கைக்கு வந்த மருந்துக்கும் வாய்க்குப் போன மருந்துக்கும் இடையில் எத்தனை தூரம் என்று அளந்த முதல் இடங்களில் ஒன்று அந்தக் குடிசைகள். வாரம் இருமுறை மட்டும், ஊழியர் கண்முன்னே மருந்து கொடுத்தால் போதுமா என்ற அடுத்த ஆய்வு அதிலிருந்துதான் பிறந்தது. 1964-இல் அதன் முடிவு வெளிவந்தது. போதும் என்றது. பின்னாளில் உலகமே பின்பற்றிய ‘டாட்ஸ்’ முறையின் வேர்களில் ஒன்று சேத்துப்பட்டில் இருக்கிறது.

அந்த ஆய்வை உலகம் ஒரு விஷயத்தில் தவறாகவும் படித்தது. வீட்டில் குறைவாகச் சாப்பிட்டவர்களும் குணமானதால், “காசநோய்க்கு மருந்து போதும், சாப்பாடு முக்கியமில்லை” என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள். சென்னை ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. மருந்து ஒழுங்காகக் கிடைத்தால் பசித்தவரிடமும் அது வேலை செய்யும் என்றுதான் சொன்னது. பசி நோயை எப்படி உண்டாக்குகிறது, யாரைக் கொல்கிறது என்பது வேறு கேள்வி. அதற்கு விடை வர அறுபது ஆண்டுக்கு மேல் ஆனது. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா குழுவினர் நோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, சத்துமாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் உணவால் அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. தொற்றக்கூடிய வகை நோய் 48 சதவீதம் குறைந்தது. 2023-இல் இது வெளியானது. இந்த ஆய்விலும் சென்னை நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. தன் பழைய ஆய்வுக்கு உலகம் கொடுத்த தவறான உரையைத் திருத்த அதே நிறுவனம் துணை நின்றதை நான் மரியாதையோடு பார்க்கிறேன்.

இனி நாம் முதலில் விட்ட கேள்விக்கு வருவோம். ஜனங்கள் வருவார்களா?

பெங்களூரில் 1959-இல் தேசியக் காசநோய் நிறுவனம் அமைந்தது. அங்கே இருந்த டாக்டர் தேபபர் பானர்ஜியும் டென்மார்க்கிலிருந்து உலக சுகாதார நிறுவனம் அனுப்பிய ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டத்துக் கிராமங்களுக்குப் போனார்கள். எக்ஸ்ரே கணக்கெடுப்பில் நோய் தெரிந்தவர்களையும், அவர்களோடு ஒப்பிட நோயில்லாதவர்களையும் வீட்டில் சந்தித்து உட்கார்ந்து பேசினார்கள். உடம்பு எப்படி இருக்கிறது, என்ன தொந்தரவு, அதற்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். அறிவுரை சொல்லவில்லை. கேட்டார்கள், எழுதிக்கொண்டார்கள்.

1963-இல் அச்சில் வந்த அந்த ஆய்வின் விடை இது. சளியில் கிருமி இருந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு ஏதோ தொந்தரவு இருப்பது தெரிந்திருந்தது. அதைப் பற்றிப் பலரும் கவலைப்பட்டிருந்தார்கள். ஏறத்தாழ பாதிப்பேர் ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்கோ மருத்துவரிடமோ போய் வந்திருந்தார்கள். அவர்களுக்கு அங்கே கிடைத்தது என்ன? ஒரு குப்பி இருமல் மிக்சர்.

இதை எழுதும்போது கை நிற்கிறது. கிருமி உள்ள சளியோடு ஒரு மனிதர் நடந்தே வந்திருக்கிறார், வரிசையில் நின்றிருக்கிறார், டாக்டர் எதிரே உட்கார்ந்து “இருமுதுங்கய்யா” என்று சொல்லியிருக்கிறார். அவருடைய சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி நுண்ணோக்கியில் வைத்திருந்தால் அன்றே நோய் தெரிந்திருக்கும். ராபர்ட் காக் 1882-இல் அந்தக் கிருமியைக் கண்டு எண்பது ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. குப்பியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார் அவர். இருமிக்கொண்டே இருந்தார். அந்த மாதங்களில்தான் பிள்ளைகளுக்குத் தொற்றியது. சேத்துப்பட்டின் ஐந்தாண்டுக் கணக்கையும் தும்கூரின் விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் இரண்டும் எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும்.

கிராமத்தில் பொது மருத்துவம் செய்கிற ஒருவர் தம் அன்றாட வேலையையே ஆராய்ச்சியாக்க முடியும் என்பதை உலகம் அதற்கு முன்பே கண்டிருந்தது. இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் மலையடிவாரத்தில் எய்ஸ்கார்த் என்ற ஊரில் வில்லியம் பிக்கிள்ஸ் என்ற டாக்டர் தாம் பார்த்த ஒவ்வொரு தொற்றுநோயாளியையும் தேதியோடு குறித்து வைத்தார். மனைவியும் மகளும் அவருக்காக வரைபடம் தீட்டினார்கள். யாரிடமிருந்து யாருக்கு, எத்தனை நாளில் மஞ்சள்காமாலை வந்தது என்பதை ஊர்த் திருவிழாவையும் உறவு முறையையும் வைத்தே அவரால் சொல்ல முடிந்தது. 1939-இல் அதைப் புத்தகமாக்கினார். பிற்பாடு பிரிட்டனின் பொது மருத்துவர் கல்லூரிக்கு முதல் தலைவரும் அவரே. ஆனால் பிக்கிள்ஸ் ஆராய்ந்தது நோயை. தும்கூரில் ஆராயப்பட்டது நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவே அந்த இரண்டு நிமிடத்தில் நடப்பது. இது இன்னும் கடினமான வேலை, ஏனென்றால் குற்றம் யார் பக்கம் விழும் என்பது தெரியாது.

பானர்ஜி குற்றத்தைத் தனிப்பட்ட டாக்டர்கள் தலையில் கட்டவில்லை. சளி பார்க்க நுண்ணோக்கியும் ஆளும் மருந்தும் சாதாரண ஆஸ்பத்திரிகளில் இருக்க வேண்டும், காசநோய்க்கென்று தனிக்கட்டடம் கட்டி ஜனங்களை அங்கே இழுக்கத் தேவையில்லை, அவர்கள் ஏற்கெனவே வருகிற வாசலிலேயே வைத்தியம் கிடைக்க வேண்டும் என்ற முடிவுக்கு இந்த ஆய்வு பலம் கொடுத்தது. 1962-இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் அந்த அடிப்படையில்தான் அமைந்தது. காகிதத்தில் அழகான திட்டம். நடைமுறையில் பணமும் மருந்தும் மேற்பார்வையும் பற்றாமல் முப்பது ஆண்டுகள் தள்ளாடியது.

அந்த முப்பது ஆண்டுகளில் ஜனங்கள் வேறு வாசலுக்குப் போனார்கள். தனியார் டாக்டர்களிடம். 1991-இல் முகுந்த் உப்லேகரும் டொனால்ட் ஷெப்பர்டும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பம்பாயின் தாராவியில் தொழில் செய்யும் நூறு தனியார் டாக்டர்களிடம், காசநோயாளி வந்தால் என்ன எழுதிக்கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். வந்தவை எண்பது விதமான சீட்டுகள். பாதி மருந்து, தவறான மருந்து, தேவைக்கு மேல் விலையுள்ள மருந்து. தாராவியில் நம் தென்மாவட்டத்தார் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பது நம்மூரில் எல்லோருக்கும் தெரியும். அந்த எண்பது சீட்டுகளில் சில நம் சொந்தக்காரர் கைக்கும் வந்திருக்கும்.

இன்னும் நேரடியாக ஒரு சோதனை தில்லியில் நடந்தது, 2015-இல் வெளியானது. நோயாளி வேடத்தில் பயிற்சி பெற்ற ஆட்களை 75 மருத்துவர்களிடம் அனுப்பினார்கள். டாக்டருக்கு இவர் நடிகர் என்பது தெரியாது. 250 சந்திப்புகளில் 21 சதவீதத்தில்தான் சரியான நடவடிக்கை இருந்தது. கேட்டால் சரியாக விடை சொல்லத் தெரிந்த டாக்டர்களில் பலர், நேரில் நோயாளி வந்து உட்கார்ந்தபோது அதைச் செய்யவில்லை. அறிவு குறைவு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கூட்டம், அவசரம், “பரிசோதனைக்கு எழுதினால் அடுத்த டாக்டரிடம் போய்விடுவார்” என்ற பயம், ஊசி போடாவிட்டால் மதிக்க மாட்டார்கள் என்ற கணிப்பு எல்லாம் அதில் உண்டு. பொறுப்பில் நமக்கும் பங்கு இருக்கிறது. ஊசியைக் கேட்டு வாங்குகிறவர்கள் நாம்தானே.

அன்றாட ஓ.பி.யை ஆராய்ந்ததால் கிடைத்த நல்ல மாற்றங்களையும் சொல்ல வேண்டும். மூன்று வாரம் இருமினால்தான் சளி எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது பழைய விதி. டாக்டர் டி. சாந்தா உள்ளிட்ட சென்னை நிறுவனத்தார் ஆரம்ப சுகாதார நிலையங்களின் ஓ.பி. வரிசையிலேயே ஆய்வு நடத்தி, மூன்றை இரண்டாக்கினால் பிடிபடும் நோயாளிகள் கணிசமாகக் கூடுகிறார்கள் என்று 2005-இல் காட்டினார்கள். விதி மாறியது. இன்று நம் சுகாதார நிலையச் சுவரில் எழுதியிருக்கும் ‘இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா?’ என்ற கேள்வி அந்த வரிசைகளிலிருந்து வந்தது.

2022 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ கொண்டுவந்தது. காசநோயால் இறப்பவர்களில் பெரும்பாலோர் நோய் தெரிந்த முதல் இரண்டு மாதங்களுக்குள் இறக்கிறார்கள். யார் இறக்கக்கூடும் என்பதை முதல் நாளே கண்டுபிடிக்க முடிந்தால் காப்பாற்றலாம். அதற்கு ஸ்கேன் வேண்டாம், ரத்தப் பரிசோதனைகூட வேண்டாம் என்று தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனத்தார் ஐந்தே குறிகளை வகுத்தார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை, அதாவது உடல் நிறைக் குறியீடு, 14 அல்லது அதற்குக் கீழா? 16-க்குள் இருந்து கால் வீங்கியிருக்கிறதா? நிமிடத்துக்கு 24 தடவைக்கு மேல் மூச்சு வாங்குகிறாரா? விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 94-க்குக் கீழே காட்டுகிறதா? பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடியவில்லையா? ஒன்று இருந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் படுக்கை கொடுக்க வேண்டும். எடைத் தராசும், சுவரில் உயரக் கோடும், ஒரு கடிகாரமும், விரல் கருவியும் போதும். மேலநீலிதநல்லூர் ஒன்றியத்தில் எந்தச் சுகாதார நிலைய நர்சும் சில நிமிடங்களில் செய்துவிடக்கூடியது இது. ஒரு மாநிலம் முழுவதும் இதை அன்றாட வேலையாக்கியது இந்தியாவில் இதுவே முதல் முறை.

சேத்துப்பட்டில் மருந்து போதும் என்று கண்டார்கள். அறுபத்து மூன்று ஆண்டு கழித்து, எல்லோருக்கும் வீடு போதாது, சிலருக்குப் படுக்கை வேண்டும், அந்தச் சிலர் யார் என்பதைத் தராசு சொல்லும் என்று கண்டிருக்கிறோம். முதலாவது இல்லாமல் இரண்டாவது வந்திருக்காது. 25 லட்சம் பேருக்கும் படுக்கை தேடிக்கொண்டிருந்தால் இன்றும் தேடிக்கொண்டேதான் இருந்திருப்போம்.

நம் பகுதிக்கு ஒரு வேலை மிச்சமிருக்கிறது என்று நினைக்கிறேன். சங்கரன்கோவில், புளியங்குடி விசைத்தறிக் கூடங்களில் பஞ்சுத்தூசிக்கு நடுவே இருமுகிறவர்கள் உண்டு. “தறிக்காரனுக்கு இருமல் இல்லாம இருக்குமா” என்று அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இருமுகிறவர் கடைசியாக எந்த வாசலுக்குப் போனார், அங்கே என்ன கொடுத்து அனுப்பினார்கள் என்று பானர்ஜி கேட்டது போல யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும். மேலநீலிதநல்லூரிலேயே பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரி இருக்கிறது. சுற்றுவட்டாரப் பிள்ளைகள்தான் அங்கே படிக்கிறார்கள். கேட்கும் மொழி அவர்களுக்குத் தெரியும், கேட்கப்படுகிறவர்கள் அவர்களுடைய சொந்த ஜனம். நோட்டுப் புத்தகமும் பொறுமையும்தான் தேவை.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டில் யாராவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமிக்கொண்டிருந்தால், மாலையில் காய்ச்சல் வந்தால், எடை குறைந்தால், நாளைக் காலையிலேயே அரசு சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். சளிப் பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம். மருந்து சாப்பிடும் காலம் முழுக்கச் சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். தனியார் டாக்டரிடம்தான் போவீர்கள் என்றாலும் பரவாயில்லை. அவர் இருமல் மருந்துக் குப்பியை மட்டும் எழுதிக்கொடுத்தால் நாற்காலியை விட்டு எழாதீர்கள். “சளி எடுத்துப் பாத்துருங்க சார்” என்று கேளுங்கள்.

(தொடரும்)